தாழ்ப்பாள் எங்கே, முதலாளி?

கண்ணாடிக் கதவு. அதைத் திறந்துவிட ஒரு ஆள். உள்ளே போனால் சில்லென்று ஏ.சி. பளபளவென்று கிரானைட் மேஜை. கல்லாவுக்கு மேலே சாமி படம், மாலை, ஊதுபத்தி மணம்.

மொறுமொறு தோசை வருகிறது. மூன்று சட்னி. நுரை ததும்பும் காபி. குறை சொல்ல ஒன்றுமில்லை!

ஆனால், "பாத்ரூம் எங்கேப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். சர்வரின் முகம் மாறும்.

"நேரா போயி, லெப்ட்ல திரும்பி, சிலிண்டர் வெச்சிருக்கிற எடத்தைத் தாண்டி..." என்று கையை நீட்டுவார்.

தாண்டிப் போனால் என்ன இருக்கிறது? தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. அதில் ஒரு சணல் கயிறு. குழாய் சொட்டுகிறது. பக்கெட்டு நிரம்பி வழிகிறது. மக்கு மட்டும் இல்லை. பல்பு இருந்த இடத்தில் ஒயர் தொங்குகிறது.

சென்னையில் எல்லா ஓட்டலும் இப்படி இல்லை. பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் முதலாளிகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு சபாஷ்! இது மற்றவர்களுக்கு.

யார் வாங்கினது?

ஓட்டல் திறக்கும்போது மேஜை எப்படி, நாற்காலி எப்படி, போர்டில் எத்தனை லைட் என்று முதலாளி பத்து தடவை யோசிக்கிறார். மாவு அரைக்கும் கிரைண்டரை நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறார்.

கழிவறைச் சாமான் மட்டும் கடைசி நாளில்தான் நினைவுக்கு வருகிறது. "ஏதாவது போட்டு முடிப்பா!" என்று பிளம்பரிடம் சொல்லிவிடுகிறார். பிளம்பர் எது மலிவோ அதை வாங்குகிறார்.

இன்னொரு ரகம் உண்டு. ஷோரூம் வெளிச்சத்தில் மயங்கி, தங்க முலாம் குழாய், கை காட்டினால் தண்ணீர் கொட்டும் குழாய் என்று வாங்கிப் போடுவது. மூன்று மாதத்தில் அது மக்கர். "பழுது" என்று ஒரு அட்டை தொங்கும். அட்டை மட்டும் ரிப்பேரே ஆகாது!

இரண்டும் தப்பு. வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டால் போதும்.

உள்ளே போகிறவர் பயமில்லாமல் உட்கார முடியுமா? கழுவுகிற ஆள் கஷ்டமில்லாமல் கழுவ முடியுமா? கெட்டுப்போனால் பக்கத்துத் தெரு பிளம்பர் அன்றைக்கே சரிபண்ண முடியுமா?

இதற்கு "ஆமாம்" என்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் அது எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

கதவுதான் முதல்

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வெளியூரிலிருந்து தி.நகர் வருகிறது ஒரு குடும்பம். காலையில் பஸ் இறங்கியதிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள் வீட்டுப் பெண். ஓட்டலுக்கு வந்ததே பாதி அதற்காகத்தான். உள்ளே போனால் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கையால் கதவைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையில் பணம் வைத்த பை. புடவையை எந்தக் கையால் பிடிப்பது?

போன வேகத்தில் திரும்பி வருகிறாள். "என்னம்மா, அதுக்குள்ளே வந்துட்டே?" என்றால், "அப்புறம் போய்க்கலாம்" என்கிறாள். அந்த "அப்புறம்" ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான். அதுவரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டாள். நாள் கணக்கில் இப்படி அடக்கினால் நீர்க்கடுப்பு வரும், நோய்க்கிருமி தொற்றும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு தாழ்ப்பாள்!

பிளாஸ்டிக் கதவில் சின்ன ஸ்குரு போட்டு மெல்லிய தாழ்ப்பாளை மாட்டினால் ஒரு மாதம்கூட நிற்காது. ஒரு நாளைக்கு நூறு பேர் இழுக்கிற கதவு அது. துருப்பிடிக்காத எஃகுத் தாழ்ப்பாளாக வாங்கி, கதவின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போல்ட்டு நட்டு போட்டு முடுக்க வேண்டும்.

கதவில் உள்பக்கம் ஒரு கொக்கி கட்டாயம். பை மாட்ட, துப்பட்டா மாட்ட. கொக்கி இல்லாவிட்டால் பையை ஈரத் தரையில்தான் வைக்க வேண்டும். அதே பை அப்புறம் சாப்பாட்டு மேஜைக்கு வரும்!

இன்னொன்று. இடம் இருந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி போடுவது நல்லது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். காப்பாற்ற வந்தவர் வெளியே நின்று கதவை உடைக்க வேண்டியதுதான்.

தொட்டிக்குள் செல்போன்!

குப்பைத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் இதைக் கேட்கட்டும்.

2024 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு காபிக் கடை. பெண்கள் கழிவறையில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் ஒரு செல்போன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது! கேமரா மட்டும் தெரியும்படி ஓட்டை போட்டு ஒளித்து வைத்திருந்தார்கள். பார்த்துவிட்ட பெண் கூச்சல் போட, கடை ஊழியர் ஒருவர் கைதானார்.

பெண்ணை இப்படித் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு பாயும். முதல் தடவையே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை ஜெயில், அபராதம்.

சட்டம் அப்புறம் வரும். சாமான் முதலில் வேண்டும். தொட்டி சின்னதாக, மூடியோடு, காலால் மிதித்துத் திறப்பதாக இருக்க வேண்டும். ஓட்டை, வலைப்பின்னல் உள்ள தொட்டி கழிவறைக்கு ஆகாது. உடைந்த கூரைப் பலகை, எதற்கென்று தெரியாத பெட்டி, வேண்டாத அலங்காரம் எதுவும் உள்ளே கூடாது. சுவரும் கூரையும் எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கழுவவும் சுலபம், ஒளிக்கவும் இடமில்லை.

அப்படியானால் தொட்டியே வேண்டாம் என்று எடுத்துவிட்டால்? அது அதைவிட ஆபத்து!

தொட்டி இல்லாத கழிவறையில் நாப்கினை எங்கே போடுவார்கள்? பீங்கானுக்குள்தான். அது தண்ணீரில் ஊறி உப்பும். குழாய் அடைக்கும். செப்டிக் டேங்க் பொங்கும். "ஆளைக் கூப்பிடு!" என்பார் முதலாளி. ஒரு ஏழை, கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார். விஷ வாயு அடிக்கும். அடுத்த நாள் பேப்பரில் செய்தி வரும்.

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ல் வந்த சட்டம் தடை செய்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

முப்பது லட்சம் கொடுத்தாலும் போன உயிர் வருமா? ஒரு மூடி போட்ட தொட்டி, சுவரில் கொஞ்சம் பழைய பேப்பர் அல்லது உறை, "இங்கே போடவும்" என்று ஒரு வரி. தினம் இரண்டு தடவை எடுத்துவிட வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு?

குழாயும் காயலான் கடையும்

"நல்ல குழாய் போட்டா திருடிக்கிட்டுப் போயிடறாங்க சார்!" இது ஓட்டல்காரர்களின் புலம்பல்.

பொய்யில்லை. பித்தளைக் குழாய் ராத்திரியில் கழன்று காலையில் காயலான் கடையில் எடைக்குப் போவது பழைய கதை. பல்பு போகும், மக்கு போகும். சங்கிலி போட்டுக் கட்டிய மக்கை எத்தனை ஓட்டலில் பார்க்கிறோம்!

அதற்காக நோஞ்சான் பிளாஸ்டிக் குழாய் போட்டால் ஒரே மாதத்தில் காது முறியும். கெட்டி பிளாஸ்டிக்கில் நல்ல ரகக் குழாய்கள் கடைகளில் இருக்கின்றன. திருடினால் காசு பெறாது. உப்புத் தண்ணீரில் அரிக்காது. பின்பக்கக் கழிவறைக்கு அது போதும்.

கை கழுவும் இடத்தில் கால் சுற்றில் திறந்து மூடும் கைப்பிடிக் குழாய் நல்லது. வயதானவர்கள் முழங்கையாலேயே தள்ளலாம். பல சுற்று சுற்றுகிற பழைய குழாயை யாரும் சரியாக மூடுவதில்லை. அமுக்குக் குழாய் தண்ணீரை மிச்சம் பண்ணும். ஆனால் கையை எடுத்ததும் நின்றுவிடுகிற ரகத்தை வாங்கினால் ஒரு கை அமுக்க, ஒரு கைதான் கழுவ! அமுக்கிய பின் சில வினாடி ஓடி நிற்பதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கை காட்டினால் தண்ணீர் வரும் குழாய்க்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டும். உள்ளே சின்ன வால்வு. சென்னையின் உப்புப் போர் தண்ணீர் அதை அடைத்துவிடும். மாதாமாதம் பார்க்க ஆள் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்த ஆசை வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். 2019 ஜூனை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் பாளம் பாளமாக வெடித்தன. லாரித் தண்ணீருக்கு நாயாய் அலைந்தார்கள். தண்ணீர் இல்லாமல் மதியச் சாப்பாட்டையே நிறுத்திய ஓட்டல்கள் உண்டு.

பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவை இழுத்தால் 10 லிட்டர் போகும். இரண்டு பொத்தான் வைத்த டேங்கில் ஒன்றுக்கு 3 லிட்டர், இன்னொன்றுக்கு 6 லிட்டர். ஒரு நாளில் 200 பேர் போகிற ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டேங்கில் 2,000 லிட்டர். புதியதில் 120 பேர் சின்னப் பொத்தானும் 80 பேர் பெரிய பொத்தானும் அமுக்கினால் 840 லிட்டர். நாளைக்கு 1,160 லிட்டர் மிச்சம். மாதத்துக்கு 34,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட மூன்று லாரி!

ஒரு எச்சரிக்கை. பழைய பீங்கானுக்குப் புது டேங்க் மட்டும் மாட்டினால் சில சமயம் சரியாகப் போகாது. பீங்கானும் டேங்கும் ஜோடியாக வாங்க வேண்டும். சுவருக்குள் பதிக்கும் ஃப்ளஷ் வால்வுக்குத் தண்ணீர் வேகம் வேண்டும். மாடித் தொட்டி தாழ்வாக உள்ள சின்ன ஓட்டலுக்கு டேங்க்தான் சரி.

குழாய் வாயில் திருகுகிற சின்னச் சல்லடை ஒன்று உண்டு. காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்து விடும். கை நனையும், தண்ணீர் வீணாகாது. 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு வந்தபோது, ஓட்டல் உள்பட வியாபார இடங்களில் இதை மாட்டியே ஆகவேண்டும் என்று அந்த ஊர்க் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. நம் ஊர் முதலாளிகள் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டுமா?

தாத்தா எப்படி எழுந்திருப்பார்?

உட்காருவது இந்திய முறையா, மேல்நாட்டு முறையா? இது பெரிய சண்டை. இடம் இருந்தால் இரண்டும் வேண்டும். பொது இடத்தில் மற்றவர் உட்கார்ந்த பீங்கானைத் தொட அருவருப்புப் படுகிறவர்கள் பலர். முழங்கால் வலிக்காரருக்கோ குந்த முடியாது. ஒன்றுதான் போட இடம் உண்டு என்றால் மேல்நாட்டு முறையைப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் ஸ்பிரேயும் வைத்துச் சுத்தமாக வைத்திருப்பதே மேல். குந்த முடியாதவருக்கு வேறு வழி இல்லையே!

பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். டவல் போடும் கம்பி அல்ல! அதைப் பிடித்து எழுந்த தாத்தா கம்பியோடு கீழே விழுவார். ஆள் பாரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாக அறைய வேண்டும்.

மாற்றுத் திறனாளிகளுக்கு 2016-ல் தனிச் சட்டமே வந்தது. சக்கர நாற்காலி நுழையக் கதவு வழி 900 மில்லிமீட்டர் வேண்டும். உள்ளே திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் இதை முதலிலேயே விட்டால் உண்டு. கட்டின பிறகு சுவரை இழுத்து நீட்ட முடியாது.

தரையில் கண்ணாடி மாதிரி டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சொரசொரப்பாக இருக்கட்டும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது. தேங்கின தண்ணீரில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தத் தோசைக்கு எத்தனை ஆயிரம் பில்!

மின்சாரம் போனால் கல்லாவுக்கு இன்வெர்ட்டர் லைட் எரிகிறது. கழிவறைக்கு அந்த ஒரு லைட்டைச் சேர்த்தால் என்ன? ஈரம் போகாத மூடி போட்ட விளக்காகப் போட்டால் திருட்டும் குறையும்.

நாற்றத்தின் ரகசியம்

நாற்றம் வந்தால் அந்துருண்டை போடுகிறார்கள். பினாயில் கொட்டுகிறார்கள். நாற்றமும் பினாயிலும் சேர்ந்து இன்னும் குமட்டுகிறது.

காரணம் பல சமயம் தரையில் இருக்கிறது. தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே வளைந்த ட்ராப் இருக்கிறது. அதில் எப்போதும் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் சாக்கடைக் காற்று மேலே வராது. அது காய்ந்தால் சாக்கடை வாசம் நேரே சாப்பாட்டு மேஜைக்கு! ஆழம் குறைந்த மலிவு ட்ராப் சீக்கிரம் காயும். ஆழமானதாக வாங்க வேண்டும். ராத்திரி கடை மூடும்போது ஒரு மக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் தெருப் பக்கமோ மேல் பக்கமோ தள்ள வேண்டும். சமையல் கட்டுப் பக்கம் தள்ளும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்!

சர்வர் கையும் அதே கைதான்

கை கழுவுகிற இடத்தில் சோப்பு எங்கே? இருந்தால் அது சோப்புத் தண்ணியா, சோப்பு வாசனை அடிக்கிற தண்ணியா என்பது தெரியாது. அவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள்.

சுவரில் முடுக்கிய, பூட்டு உள்ள சோப்புப் பெட்டி வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரிய வேண்டும். எல்லோரும் துடைக்கிற ஒரே ஈரத் துண்டு கூடவே கூடாது. காகிதம் வைக்கலாம், அல்லது காற்று மெஷின் மாட்டலாம்.

இது வாடிக்கையாளருக்கு மட்டும் அல்ல. பல ஓட்டலில் சர்வரும் சமையல்காரரும் போவது இதே இடம்தான். அங்கே சோப்பு இல்லாவிட்டால் அந்தக் கைதான் இட்லி எடுத்து வைக்கிறது! உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 விதிகள் கை கழுவ வசதி கேட்கின்றன. உணவு தயாராகும் இடத்துக்கு நேரே கழிவறைக் கதவு திறக்கக் கூடாது என்கின்றன. விதி புத்தகத்தில் இருக்கிறது. சோப்புதான் பெட்டியில் இல்லை.

கழுவுகிற அம்மாவை யார் கேட்டார்கள்?

இத்தனையும் தினம் தேய்ப்பது ஒரு அம்மா. சாமான் வாங்கும்போது அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இடுக்கும் சந்தும் உள்ள பீங்கானை வாங்கினால் அவர் கையை விட்டுத் தோண்ட வேண்டும். கறை போகாவிட்டால் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். ஆசிட் குழாயின் பளபளப்பைத் தின்னும், கையைத் தின்னும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது மூச்சை அடைத்துவிடும்.

வழவழப்பான, இடுக்கில்லாத பீங்கான். சுவரில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ். கழுவ ஹோஸ் மாட்டுகிற மாதிரி ஒரு தனிக் குழாய். பிரஷ், கையுறை வைக்க ஒரு சின்ன அலமாரி. இவை இருந்தால் ஆசிட்டுக்கு அவசியமே குறையும்.

முதலாளிகள் பார்வைக்கு

"ஜனங்க பாழாக்குறாங்க சார், எவ்வளவுதான் பண்றது?" என்று முதலாளிகள் கேட்பது நியாயம்தான். மக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும், ஃப்ளஷ் இழுக்காமல் வருகிறவர்களும் கொஞ்சம் வெட்கப்படட்டும். ஆனால் ஒரு டம்ளர் தொலைந்தால் வேறு டம்ளர் வைக்கிறோம். "திருடறாங்க" என்று கையில் காபி ஊற்றுவதில்லையே!

வாசலில் பார்சலுக்காக வெயிலில் நிற்கும் டெலிவரி தம்பிகளுக்கும் அந்தக் கதவு திறக்கட்டும். தெற்கு டெல்லி மாநகராட்சி 2017 ஏப்ரலில், ஓட்டல் கழிவறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது. இங்கே யாரும் சொல்லாமலே செய்தால் பெருமை நமக்கு.

பெரிய சோதனை ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு முதலாளியும் நாளைக்கே தன் அம்மாவையோ மனைவியையோ தன் ஓட்டலுக்கு அழைத்து வரட்டும். கையில் ஒரு பையைக் கொடுத்து அந்தக் கழிவறைக்கு அனுப்பட்டும். கதவைத் தாழ் போட்டு, பையை மாட்டி, பயமில்லாமல் உட்கார்ந்து, பிடித்து எழுந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி வரட்டும்.

திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் போதும். எதை வாங்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

மாநகராட்சி அதிகாரிகளும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் சோதனைக்குப் போனால் சமையல் கட்டோடு திரும்பாமல், சிலிண்டர் தாண்டி லெப்டில் திரும்பட்டும்!

சணல் கயிறு அவிழுமா? தாழ்ப்பாள் வருமா?